ஏரிக்குள் இறங்கிய இளைஞர்கள்

கோடைக் காலத்தில் கோவிலம்பாக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் கடிகாரம் தேவையில்லை. பொழுது விடியுமுன்பே தண்ணீர் லாரிகள் ஓடத் தொடங்கிவிடும். மேடவாக்கம் சாலையில் அவை ஒன்றன்பின் ஒன்றாகப் போவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும்; சாலையில் ஓர் ஈரக்கோடு விழும். பெரிய லாரி ஒன்றில் சுமார் 12,000 லிட்டர் நீர் கொள்ளும். இந்தக் கட்டுரையை எழுதுகிற நானும் அந்த லாரிக்காகக் காத்திருப்பவர்களில் ஒருவன்தான்.

எங்கள் ஊரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கீழ்க்கட்டளை ஏரி இருக்கிறது. மறுபக்கம் நாராயணபுரம் ஏரி. அதற்கும் கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சுற்றிலும் நீர்நிலைகள் இருக்க, குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் லாரியில் வருவானேன்?

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாணவர்கள் சிலருடன் ஓர் ஏரிக்கரைக்குக் குப்பை அள்ளப் போயிருந்தேன். மூன்று மணி நேரம் வேலை செய்தோம். சாக்குகள் நிரம்பின, கரையும் கொஞ்சம் கரையாகத் தெரிந்தது. திரும்பும்போது ஒரு மாணவி கேட்டாள்: “சார், இன்னைக்கு அள்ளினது அடுத்த மழையில மறுபடியும் வந்துடுமே. நாம செய்யறதுல என்ன பிரயோசனம்?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. ‘முயற்சி திருவினையாக்கும்’ என்று சொல்லிச் சமாளித்தேன். விஞ்ஞானம் படித்தவளுக்கு அது விடையாகாது என்று எனக்கே தெரிந்தது. நம் தென்சென்னைப் புறநகர் ஏரிகளில் இளைஞர்கள் செய்துவரும் பணியையும், அதன் பின்னுள்ள விஞ்ஞானத்தையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கும். வாருங்கள், பார்ப்போம்.

ஏரி என்பது பள்ளம் அல்ல

ஏரி என்றதும் இயற்கையாக அமைந்த பெரிய பள்ளம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் பகுதி ஏரிகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை மனிதன் கட்டிய கருவிகள். மிக மென்மையாகச் சரியும் நிலத்தில், தாழ்வான பக்கத்தில் மட்டும் வளைந்த மண்கரை ஒன்றை எழுப்பினார்கள். மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கும். மழைநீர் வரத்துக் கால்வாய்கள் வழியாக உள்ளே வரும். மதகு வழியாக வயலுக்குப் போகும். ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாக வழிந்து, அடுத்த ஏரியை அடையும். ஆகவே ஏரிகளைத் தனித்தனியாக எண்ணக் கூடாது. அவை ஒரு சங்கிலி.

நம் சங்கிலியையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கட்டளை ஏரியின் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர் இந்தச் சதுப்பு நிலத்தை நோக்கியே ஓடி வருகிறது. பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் அதன் பலன் மேலே உள்ளவருக்கு வெள்ளம். கீழே உள்ளவருக்கு வறட்சி.

இது வெறும் கற்பனை அல்ல. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு செ.மீ. மழை பெய்தால் அது 1 லட்சம் லிட்டர் நீர். அப்படியானால் அன்று ஒவ்வொரு ஹெக்டேரிலும் விழுந்தது 49 லட்சம் லிட்டர்! முடிச்சூரிலும் வேறு பல இடங்களிலும் மாடிக்கு ஏறி உயிர் பிழைத்தார்கள். அதன்பின் நாலே ஆண்டுகள். 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிவிட்டன. சென்னை மக்கள் குடங்களுடன் தெருவில் நின்றார்கள். மழை குறைந்த ஊரா இது? சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 140 செ.மீ. வருகிற மழையைப் பிடித்து வைக்கும் பாத்திரங்கள் பழுதாகிவிட்டன என்பதே உண்மை.

முடிச்சூர் இளைஞர் ஒருவர்

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வளர்ந்தவர் அருண் கிருஷ்ணமூர்த்தி. சிறுவயதில் குளங்களையும் தவளைகளையும் பார்த்து வளர்ந்தவர். படிப்பு முடிந்து ஐதராபாத்தில் கூகுள் நிறுவனத்தில் நல்ல வேலையில் இருந்தார். ஓய்வு நாட்களில் நண்பர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஏரிகளைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரப் பணியாக்கிக்கொண்டார். 2007-இல் தொடங்கிய அவருடைய அமைப்பின் பெயர் ‘என்விரான்மென்டலிஸ்ட் பவுண்டேஷன் ஆப் இந்தியா’. சுருக்கமாக இ.எப்.ஐ. என்பார்கள்.

2012-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ரோலக்ஸ் நிறுவனம் வழங்கும் இளம் சாதனையாளர் விருது அவருக்குக் கிடைத்தது. பரிசு 50,000 சுவிஸ் பிராங்க். எதற்காக என்கிறீர்கள்? நம் கீழ்க்கட்டளை ஏரியைச் சீரமைக்கும் திட்டத்துக்காக! நாம் பேருந்தில் கடந்து போகும் ஏரியின் பெயர் உலக மேடையில் ஒலித்தது. குப்பையும் கழிவும் சேர்ந்து நாறிக் கிடந்த ஏரி அது.

இ.எப்.ஐ. தொண்டர்களில் பெரும் பகுதியினர் பள்ளி, கல்லூரி மாணவர்கள். வேலைக்குப் போகும் இளைஞர்கள். ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்கு வேலை நாள். குப்பை அகற்றுவது, வேண்டாத செடிகளைப் பறிப்பது, ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்துவது, கரையை உயர்த்திப் பலப்படுத்துவது, உள்நாட்டு மரக்கன்றுகள் நடுவது ஆகியவை அவர்கள் முறையில் அடங்கியவை. ஏரி அரசின் உடைமை என்பதால் உரிய துறையின், உள்ளாட்சியின் அனுமதி பெற்றே எதையும் செய்ய வேண்டும். கைவேலை பாதி என்றால் காகித வேலை மீதி.

ஆழத்தின் கணக்கு

ஏரியைத் தூர்வார வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஏன்? ஒரு சிறிய கணக்குப் போடுவோம்.

20 ஹெக்டேர் பரப்புள்ள ஓர் ஏரியை வைத்துக்கொள்வோம். அதில் ஒரு மீட்டர் உயரத்துக்கு மண் படிந்திருக்கிறது. அந்த மண்ணை எடுத்தால் கிடைக்கும் கூடுதல் கொள்ளளவு 2 லட்சம் கன மீட்டர். அதாவது 20 கோடி லிட்டர். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தேவை என்பது அரசு வைத்திருக்கும் அளவு. அப்படிப் பார்த்தால் இந்த நீர் சுமார் 4,000 பேருக்கு ஓர் ஆண்டுத் தேவை. லாரிக் கணக்கில் சொன்னால் சுமார் 16,600 லாரிகள்!

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஏரி நீரின் பெரும் எதிரி வெயில். நம் பகுதியில் வெயில் காலத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மி.மீ. நீர் ஆவியாகிறது. 100 நாட்களில் 50 செ.மீ. ஆவியாதல் நீரின் மேற்பரப்பில் நடப்பது. ஆழத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. எனவே ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏரி அந்த 100 நாட்களில் தன் நீரில் பாதியை இழக்கும். அதே பரப்பில் இரண்டு மீட்டர் ஆழமுள்ள ஏரி கால் பங்கைத்தான் இழக்கும். தட்டில் ஊற்றிய காப்பி சீக்கிரம் ஆறிக் குறைகிறது, டம்ளரில் ஊற்றியது அப்படியே இருக்கிறது அல்லவா? நம் ஏரிகள் மண் படிந்து டம்ளர் நிலையிலிருந்து தட்டு நிலைக்கு வந்துவிட்டன.

அப்படியென்றால் எங்கு வேண்டுமானாலும் தோண்டிவிடலாமா? கூடாது. இங்கே பாஸ்கல் குறுக்கே வருகிறார். நீரின் அழுத்தம் ஏரியின் அகலத்தைப் பொறுத்ததல்ல. ஆழத்தை மட்டுமே பொறுத்தது. 2 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் 2 டன் எடைக்குச் சமமான அழுத்தம் இருக்கும். அந்த ஆழ நீர், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மொத்தமாக 2 டன் விசையுடன் தள்ளும். ஆழம் இருமடங்காகி 4 மீட்டர் ஆனால் தள்ளும் விசை 8 டன், நான்கு மடங்கு! கரையின் அடி அகன்றும் தலை குறுகியும் இருப்பது இதனால்தான். கரையை ஒட்டியே பள்ளம் பறித்தால் அதன் அடிப்பாதம் வலுவிழந்து, முதல் பெருமழையில் சரிந்துவிடும். ஆகையால் கரையிலிருந்து இடம் விட்டு, உட்பகுதியில்தான் ஆழப்படுத்த வேண்டும். நல்லெண்ணம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும்.

மூச்சுத் திணறும் நீர்

இனி மண்ணைவிடப் பொல்லாத எதிரிக்கு வருவோம். அது சாக்கடை நீர்.

மீனும் மூச்சு விடுகிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் நீரில் கரைந்திருக்கிறது. எவ்வளவு? 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனை மட்டுமே கரைத்து வைத்துக்கொள்ளும். மிகச் சிறிய சேமிப்பு! அதிலும் நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப்போல் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். செலவானதை ஈடுகட்ட வெகு நேரம் ஆகும்.

இந்த ஏழை வீட்டுக்குள் ஒரு விருந்தாளி நுழைகிறார். வீடுகளிலிருந்து வரும் ஒரு லிட்டர் கழிவுநீரைச் சிதைத்து முடிக்க நுண்ணுயிர்களுக்குச் சுமார் 250 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டியிருக்கிறது. 250-ஐ 7.5-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் சாக்கடை, 33 லிட்டர் நல்ல நீரின் ஆக்சிஜனைத் துடைத்து எடுத்துவிடும்! ஒரு வாளி கழிவுநீர் ஏரியில் விழுந்தால் ஒரு வாளி மட்டும் கெடுவதில்லை. முப்பத்து மூன்று வாளி கெடுகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும், அது இல்லாமல் வாழும் வேறு நுண்ணுயிர்கள் தலைதூக்குகின்றன. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் நாம் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் அந்த அழுகிய முட்டை நாற்றம்.

கீழ்க்கட்டளை ஏரியின் கதையும் விருதுடன் முடிந்துவிடவில்லை. சீரமைப்புக்குப் பின்னரும் கழிவுநீர் கலப்பதாகவும் ஆகாயத்தாமரை படர்வதாகவும் புகார்கள் வந்தன. என் மாணவியின் கேள்வி மீண்டும் நம் முன் நிற்கிறது: அள்ளி என்ன பயன்?

4 டன்னா, 4,000 டன்னா?

ஆகாயத்தாமரையை எடுத்துக்கொண்டு இதற்கு விடை காண்போம். ஊதா நிறப் பூவுடன் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கழிவுநீரின் சத்து கிடைத்துவிட்டால், ஏற்ற சூழலில் அது சுமார் இரண்டு வாரங்களில் இருமடங்காகப் பெருகும். நீர்ப்பரப்பை மூடி ஒளியையும் காற்றையும் தடுத்துவிடும்.

நம் 20 ஹெக்டேர் ஏரியில் ஒரு மூலையில், ஏரியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு, அதாவது 200 சதுர மீட்டர் பரப்பில் இந்தச் செடி இருக்கிறது என்போம். ஒரு பெரிய வீட்டு மனை அளவுதான். அடர்ந்த படர்வில் சதுர மீட்டருக்கு 20 கிலோ என்று வைத்தால் எடை 4 டன். 50 மாணவர்கள் ஆளுக்கு 80 கிலோ, பத்துக் கிலோக் கூடையில் எட்டு நடை எடுத்தால் ஒரே காலையில் வேலை முடிந்தது.

‘இவ்வளவுதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டால்? பத்து வாரத்தில் ஐந்து முறை இருமடங்காகி, 32 மடங்கு ஆகும்: 128 டன். அதே 50 பேருக்கு 32 ஞாயிற்றுக்கிழமை வேலை. இருபது வாரத்தில் பத்து முறை இருமடங்காகி ஏரி முழுவதும் மூடிவிடும்: சுமார் 4,000 டன்! இயந்திரமும் பல லட்ச ரூபாயும் இல்லாமல் அதைத் தொட முடியாது. இன்னும் வியப்பு என்னவென்றால், ஏரி முழுவதும் மூடுவதற்கு இரண்டு வாரம் முன்புகூடப் பாதி ஏரி திறந்தேதான் இருக்கும். கரையில் நின்று பார்ப்பவருக்கு ஆபத்து தெரியவே தெரியாது.

ஆகவே, தன்னாலே பெருகும் தீமைக்கு எதிராகச் சிறு கைகள் அடிக்கடி செய்யும் சிறு வேலை, பெரிய இயந்திரம் எப்போதோ செய்யும் பெரிய வேலையைவிட வலிமையானது. இது ஆறுதல் வார்த்தை அல்ல, பெருக்கல் வாய்பாடு.

குப்பையும் சாக்கடையும் வேறு வகை. அவை தாமாகப் பெருகுவதில்லை, வெளியிலிருந்து வருகின்றன. ஓட்டைப் படகில் நீர் இறைப்பது போன்ற நிலை இது. இறைத்தால் படகு மிதக்கும். ஆனால் ஓட்டையை அடைக்காமல் இறைப்பதை நிறுத்த முடியாது. இங்கே அள்ளுவதன் முக்கியப் பயன் வேறு: ஓட்டை எங்கே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். நாங்கள் அன்று அள்ளிய குப்பையை வகை பிரித்து வைத்தோம். பால் உறைகளும் குடிநீர்ப் பைகளும் ஒரு குறிப்பிட்ட கால்வாய் வாயில்தான் மிகுதியாகக் கிடந்தன. அந்தக் கால்வாயின் மேற்போக்கில் நடந்தால் காரணம் தெரியும். ‘ஏரி அசுத்தமாக இருக்கிறது’ என்று எழுதிய மனுவுக்கும், ‘இந்த இடத்தில், இந்தக் குழாயிலிருந்து, இத்தனை வாரமாக வருகிறது’ என்று நாள்வாரியாக எழுதிய மனுவுக்கும் வேறுபாடு இருக்கிறது அல்லவா? முன்னது புலம்பல், பின்னது சான்று.

கடலுக்கு அப்பாலும் இதே கதை

இளைஞர்கள் தம் ஊரின் துன்பத்தைக் கண்டு, அதைப் புரிந்துகொண்டு மாற்றும் கதைகள் ஆப்பிரிக்காவிலும் நிறைய உண்டு. 2001-02-இல் மலாவி நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. வில்லியம் காம்குவாம்பா என்ற சிறுவன் கட்டணம் செலுத்த வழியின்றிப் பள்ளியை விட்டு நின்றான். ஆனால் கிராம நூலகத்தை விடவில்லை. அங்கே எரிசக்தி பற்றிய ஒரு புத்தகத்தில் காற்றாலையின் படத்தைக் கண்டான். பழைய சைக்கிள், டைனமோ, டிராக்டரின் விசிறி, பிளாஸ்டிக் குழாய் ஆகியவற்றைக் கொண்டு, 2002-இல், தன் 14-ஆம் வயதில் ஒரு காற்றாலையைக் கட்டினான். வீட்டில் விளக்கு எரிந்தது. ஊர் அவனைப் பைத்தியக்காரன் என்று சொன்னதை நிறுத்திக்கொண்டது.

நைஜீரியாவின் நெமேகா இக்கெக்வோனு, சிறு உழவர்களுக்காக வானொலி நடத்தியவர். கீழ்க்கட்டளைக்கு விருது வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2010-இல், அதே ரோலக்ஸ் இளம் சாதனையாளர் விருது அவருக்கும் கிடைத்தது. பிறகு அவர் சந்தைகளில் சூரிய மின்சாரத்தால் இயங்கும் குளிர் அறைகளை அமைத்தார். வெப்பநிலை குறைந்தால் காய்கறி அழுகும் வேதிவினைகளின் வேகமும் குறையும். இரண்டு நாளில் வாடும் சரக்கு மூன்று வாரம் வரை தாங்கும்; ஏழை வியாபாரியின் முதல் வீணாகாது. எளிய பௌதிகம்; பெரிய பயன்.

தொடர்ச்சி என்னும் கடினமான பகுதி

உற்சாகம் ஒரு தீக்குச்சி. பற்றவைக்க உதவும், சோறு பொங்க உதவாது. இன்று இருபது வயதில் ஏரிக்கு வருகிற மாணவர் நாளை வேலைக்குப் போவார், திருமணம் செய்வார், வெளியூர் செல்வார். அதன்பின் அந்த 4 டன்னை யார் எடுப்பது?

இதற்கும் நம் ஊரிலேயே முன்மாதிரி உண்டு. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கிய கடற்கரையில், முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்காக மாணவர்கள் இரவு முழுவதும் நடக்கிறார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-இல் தொடங்கியது. ஆமை ஒரு முறைக்குச் சுமார் நூறு முட்டைகள் இட்டு மணலில் மூடிவிட்டுப் போய்விடும். மாணவர்கள் அவற்றைக் கவனமாக எடுத்து, பாதுகாப்பான பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு குஞ்சுகள் வெளிவரும். இருட்டில் எந்தத் திசை அதிக ஒளியோ அதுவே கடல் என்பது அவற்றின் பிறவி அறிவு. ஆனால் நகரத்தில் அதிக ஒளி சாலை விளக்கில். அதை நோக்கி ஊர்ந்து செத்துப்போகும். ஆகவே மாணவர்கள் கூட நின்று அவற்றைக் கடலில் சேர்க்கிறார்கள். 1988-இல் நடந்தவர்களுக்கு இன்று தலை நரைத்திருக்கும். ஆனால் நடை நிற்கவில்லை. ஆண்டுதோறும் மூத்தவர் இளையவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறார். ஆட்கள் மாறினாலும் வேலை மாறாமல் இருக்கிறது. அதுதான் இரகசியம்.

இன்னும் பழைய சான்று வேண்டுமா? உத்திரமேரூருக்குப் போங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்ற குழு, குடவோலை முறையில் ஆறு பேர், பதவிக் காலம் 360 நாள், பிறகு புதியவர்கள். இரண்டாம் கல்வெட்டின்படி உறுப்பினர் 35 வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும். அந்த விதியை இன்று வைத்தால் நம் ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர்களில் அநேகமாக ஒருவரும் தேற மாட்டார்கள்! வயது விதி எப்படியோ போகட்டும். முறை வைத்து மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை நாம் அவர்களிடமிருந்து கற்கலாம்.

ஏரி ஏன் அநாதையாயிற்று?

நம் ஏரிகள் ஏன் கெட்டன என்பதற்குக் குப்பை போடும் மனிதரைத் திட்டினால் மட்டும் போதாது. முன்பு ஒவ்வோர் ஏரிக்கும் ஓர் ஆயக்கட்டு இருந்தது. அதாவது அந்த ஏரி நீரால் விளையும் வயல்கள். அந்த உழவர்கள் கோடையில் ஏரியின் வண்டல் மண்ணை வண்டிகளில் அள்ளி வயலுக்கு உரமாகப் போட்டார்கள். தனிச் செலவில்லாமலே ஏரி தூர்வாரப்பட்டது. மடையில் அடைப்பு என்றால் ஊரே கூடிச் சரிசெய்தது; அதற்குக் குடிமராமத்து என்று பெயர். 2017-இல் தமிழக அரசு அந்தப் பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

கோவிலம்பாக்கத்திலும் மேடவாக்கத்திலும் வயல்கள் மனைகளாயின. ஆயக்கட்டு மறைந்தது. ஏரி யாருக்கும் வேண்டாத பொருளாயிற்று. வேண்டியவர் இல்லாத வீடு எப்படிப் பாழாகுமோ அப்படி ஏரியும் பாழாயிற்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் சுருங்கி, முன்பிருந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காயிற்று. எஞ்சியதைக் காக்கப் பலர் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். 2007-இல் அதன் ஒரு பகுதி காப்புக் காடாயிற்று. 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. தொடர்ந்த குரலுக்குப் பலன் உண்டு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நீங்கள் செய்யக்கூடியது

நேயர்களே, மாணவர்களே! உங்கள் ஊர் ஏரியை அளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு தகர மூடியை எடுங்கள். நான்கு கால் பங்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளுக்கு வெள்ளையும் கறுப்பும் பூசுங்கள். அடியில் ஒரு கல்லைக் கட்டி, அளவு முடிச்சிட்ட கயிற்றில் மெல்ல இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1865-இல் இத்தாலிய வானியலறிஞர் செக்கி கடலில் சோதித்துப் பார்த்த முறை இது. இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் செய்து ஒரு நோட்டில் எழுதுங்கள். நீரின் மட்டம், நாற்றம், ஆகாயத்தாமரை மூடிய பகுதி, வந்திருக்கும் பறவைகள் ஆகியவற்றையும் எழுதுங்கள். பெரியவர் துணையின்றி நீரில் இறங்க வேண்டாம். ஏரிச் சேறு ஆளை விழுங்கும். அடுத்த ஆண்டு மாணவரிடம் அந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள். பத்து ஆண்டு நோட்டு ஒன்று இருந்தால், எந்த அதிகாரியும் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

என் மாணவிக்கு இப்போது பதில் சொல்கிறேன். ‘அம்மா, நாம் அள்ளியது திரும்ப வரும். அது உண்மை. ஆனால் நாமும் திரும்ப வந்தால் 4 டன்னோடு போகும். வராவிட்டால் 4,000 டன். ஏரிக்கு இன்று வயல் இல்லை. அதன் ஆயக்கட்டு லாரிக்காகக் காத்திருக்கும் நம் வீடுகள்தான். நம் வீட்டுக் கிணற்றின் ஊற்று அந்த ஏரியோடு பேசிக்கொண்டிருக்கிறது. இதை ஊருக்குப் புரியவைக்கும் வரை நாம் வர வேண்டும். பிறகு நம் இடத்துக்கு இன்னொருவர் வர வேண்டும்.’

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாங்கள் கரையில் இருப்போம். கூடைகள் போதுமான அளவு இருக்கின்றன, கைகள்தான் குறைவு.